கணவர் போன பிறகும் விசுவாசத்தை விடாம பிள்ளைங்களை வளர்த்த தாய், வரலாற்றுல யாரைச் சொல்வீங்க?

நான் சொல்றது மேரி ஃபீல்டிங் ஸ்மித். நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாத பேரு. நாங்க சிஎஸ்ஐ குடும்பம், அவங்க அமெரிக்காவுல ஆரம்பிச்ச மார்மன் சபை, உபதேசத்துல பெரிய வித்தியாசம் இருக்கு, ஆனாலும் விசுவாசம்னு யாராவது பேசினா எனக்கு முதல்ல இவங்கதான் ஞாபகம் வருவாங்க.

1801ல இங்கிலாந்துல பிறந்து, கனடா போய், அங்க 1836ல இந்த சபையில சேர்ந்தாங்க. அடுத்த வருஷமே சபையை ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித்தோட அண்ணன் ஹைரமுக்கு ரெண்டாந்தாரமா கல்யாணம், முதல் மனைவி பிரசவத்துக்குப் பிறகு இறந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு, கைக்குழந்தையோட சேர்த்து அஞ்சு பிள்ளைங்க வீட்ல. 36 வயசுல அந்தப் பொறுப்பை ஏத்துக்கிட்டாங்க.

1838ல அமெரிக்காவோட மிசௌரி மாநிலத்துல மார்மன்களை அடிச்சுத் துரத்தினப்ப ஹைரமைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க, அந்த நேரத்துலதான் மேரிக்கு முதல் பையன் ஜோசப் பிறந்தான், உடம்பு படுத்த படுக்கையாகி மாசக்கணக்குல எழுந்திரிக்க முடியல. தங்கச்சி மெர்சி தன் குழந்தையோட சேர்த்து இவங்க குழந்தைக்கும் பால் கொடுத்து காப்பாத்தினாங்க. மெர்சி இல்லன்னா இந்தக் கதையே இல்ல, ஆனா அவங்களைப் பத்தி யாரும் பேசுறதில்லங்கறது எனக்கு வருத்தம்தான். அந்த நிலைமையிலயும் குளிர்ல வண்டியில படுத்துக்கிட்டே ஹைரம் இருந்த லிபர்ட்டி ஜெயிலுக்குப் போய் அவர்கிட்ட குழந்தையைக் காட்டிட்டு வந்தாங்க மேரி.

1844 ஜூன் 27, இல்லினாய்ஸ் மாநிலத்துக் கார்த்தேஜ் ஜெயில்ல கும்பல் புகுந்து ஹைரம், ஜோசப் ஸ்மித்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் சுட்டுக் கொன்னுச்சு. அப்புறம் சபையே மேற்கே கிளம்புச்சு. 1848ல விண்டர் குவார்ட்டர்ஸ்ங்கற தற்காலிக முகாம்ல இருந்து, சபை குடியேறின சால்ட் லேக் வரை 1000 மைலுக்கு மேல, மாட்டு வண்டியில. போதுமான காளை இல்லாம பசு மாட்டையும் பூட்டினாங்க, மேரியோட 9 வயசுப் பையன் ஜோசப் வண்டி ஓட்டினான். கூட்டத்துக் கேப்டன் முகத்துக்கு நேராவே, நீங்க எல்லாருக்கும் பாரம், திரும்பிப் போங்கன்னுட்டாரு. உங்க உதவி எதுவும் கேக்காம உங்களுக்கு முன்னாடி போய்ச் சேருவேன்னு இவங்க பதில் சொன்னாங்க.

நடுவழியில நல்ல காளை ஒண்ணு நுகத்தடியிலயே சாஞ்சு விழுந்துருச்சு. செத்துருச்சுன்னு கேப்டன் முடிவே பண்ணிட்டாரு. மேரி வண்டியில வச்சிருந்த ஜெப எண்ணெயை எடுத்துக் கொடுத்து, தன் அண்ணனையும் இன்னொருத்தரையும் கூப்பிட்டு மாட்டு மேல பூசி ஜெபம் பண்ணச் சொன்னாங்க. மனுஷங்களுக்குப் பண்ற ஜெபத்தை மாட்டுக்கு! அந்தக் காளை எழுந்து வண்டி இழுத்துச்சுன்னு மகனே பிற்காலத்துல சொல்லியிருக்காரு. செப்டம்பர் 23, கேப்டனுக்கு முன்னாடியே ஊர் போய்ச் சேர்ந்துட்டாங்க.

ஆனா என்னை உலுக்கினது அந்த அற்புதம் இல்ல, உருளைக்கிழங்கு. அங்க போய்ப் பாடுபட்டு விளைவிச்சதுல, இருக்கறதுலயே நல்ல கிழங்கா பொறுக்கி தசமபாகம், அதாவது சபைக்குக் கொடுக்கற பத்துல ஒரு பங்கு, கொடுக்க சபை ஆபீசுக்குக் கொண்டு போனாங்க. அங்க இருந்த கிளார்க் பாவப்பட்டு, உங்களை மாதிரி விதவை தசமபாகம் கட்டறதே கொடுமை, இங்க உழைக்கத் தெம்பு இருந்தும் சபைகிட்ட வாங்கித் தின்றவங்க இருக்காங்களேன்னாரு. மேரிக்கு வந்துச்சே கோவம், வெட்கமா இல்லையா உனக்கு, எனக்கு வர்ற ஆசீர்வாதத்தை நீ தடுக்கப் பாக்கறியான்னு அந்த இடத்துலயே கேட்டாங்க. இது கடவுளோட சட்டம்ங்கறதால மட்டும் இல்ல, இதனால என் குடும்பம் நல்லா இருக்கும்னு நம்பித்தான் கொடுக்கறேன்னாங்க. இரக்கப்படறேன்னு சொல்லி ஒருத்தரோட கொடுக்கற உரிமையைப் பறிக்கறது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்கு அதுலதான் புரிஞ்சுது. எங்க சபையிலயும் காணிக்கை நேரத்துல இல்லாதவங்களைப் பாத்து, நீங்க விடுங்கம்மான்னு சொல்றவங்க இருக்காங்க, அந்த அம்மாங்க முகம் எப்படி வாடிப்போகும்னு நான் பாத்திருக்கேன்.

1852ல 51 வயசுல மேரி இறந்தப்ப ஜோசப்புக்கு 13 வயசுதான். 1901ல அந்த சபைக்கே தலைவரானவர் அந்தப் பையன்தான், உருளைக்கிழங்கு வண்டியை ஓட்டிட்டுப் போனதும் அவர்தான்.