அசுவினிக் கூட்டத்துக்குள் ஆரஞ்சு நிறப் புழு: மருந்தடிக்கலாமா?

கேள்வி: மிளகாய்ச் செடியின் துளிர்களில் அசுவினி அடை அடையாக இருக்கிறது. நேற்று இலையைத் திருப்பிப் பார்த்தபோது அசுவினிகளுக்கு நடுவில் மிகச்சிறிய ஆரஞ்சு நிறப் புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கால் எதுவும் தெரியவில்லை. சில அசுவினிகள் கருத்துச் சுருங்கிக் கிடக்கின்றன. இது புதிதாக வந்த பூச்சியா? இரண்டுக்கும் சேர்த்து என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: முதலில் தெளிப்பானைக் கீழே இறக்கி வையுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அந்தப் புழுக்கள் உங்கள் செடியைத் தின்ன வந்தவை இல்லை, அசுவினியைத் தின்ன வந்தவை. கொசு மாதிரி இருக்கும் ஒரு குட்டி ஈயின் புழுப்பருவம் அது. அறிவியல் பெயர் அஃபிடோலீட்டஸ் அஃபிடிமைசா. நெல்லில் ஆனைக்கொம்பன் என்று சொல்கிறோமே, அந்த ஈயும் இதே குடும்பம்தான், அதனால்தான் இதைப் பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். ஒரே குடும்பத்தில் பயிரைக் கெடுப்பதும் உண்டு, பயிரைக் காப்பதும் உண்டு.

சரி, இதுதான் அது என்று எப்படி உறுதி செய்வது? ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு காலையில் ஒரே ஒரு இலையின் முன் பத்து நிமிடம் உட்காருங்கள். புழு முழுதாக வளர்ந்தாலே 3 மில்லிமீட்டர்தான், காலும் இருக்காது, தலை என்று தனியாக எதுவும் தெரியாது, முன்பக்கம் கூம்பியிருக்கும். தின்ற அசுவினியின் நிறத்தைப் பொறுத்து ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு என்று நிறம் மாறும். இது நேராக அசுவினியின் வயிற்றில் போய்க் கடிக்காது. மெதுவாக ஊர்ந்து போய்க் காலின் மூட்டில் வாயை வைக்கும், ஒரு விஷத்தைச் செலுத்தும், கொஞ்ச நேரத்தில் அசுவினி அசைவற்றுப் போகும், அதற்குப் பிறகு உள்ளே இருப்பதை நிதானமாக உறிஞ்சும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய அசுவினியையும் இப்படியே சாய்த்துவிடும். பக்கத்தில் நிற்கும் மற்ற அசுவினிகள் பாட்டுக்குச் சாறு உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஓடக்கூட மாட்டா. முதல்முறை பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

செத்த அசுவினியைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். இந்தப் புழு உறிஞ்சியதென்றால் வெறும் தோல் கருத்துச் சுருங்கி, ஊசிவாய் இலையில் குத்தியபடியே தொங்கிக்கொண்டிருக்கும். உப்பி உருண்டையாக, பொன்னிறத்தில் காய்ந்திருந்தால் அது குளவியின் வேலை, முதுகில் வட்டமாக ஒரு துளையும் இருக்கலாம். வெள்ளையாக லேசாகக் கிடப்பவை அசுவினி உரித்துப்போட்ட சட்டைகள், அதைப் பார்த்து எல்லாம் செத்துவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

முட்டையையும் தேடிப் பாருங்கள். அசுவினி அடைக்குப் பக்கத்திலேயே, இலையின் அடிப்பக்கத்தில், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு, மினுமினுப்பான ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். தாய் ஈ பகலில் கண்ணில் படாது, செடியின் அடியில் நிழலில் ஒதுங்கியிருக்கும், சிலந்தி நூலில்கூடத் தொங்கிக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகுதான் அதற்கு வேலை. அசுவினி கழிக்கும் இனிப்புப் பிசினின் வாசனையைப் பிடித்து வந்து முட்டை வைக்கும், தானும் அதைத்தான் குடிக்கும்.

ஒரு குழப்பம் வரலாம். செம்பேன் என்கிற சிவப்புச் சிற்றுண்ணியைத் தின்னும் இன்னொரு ஈயும் உண்டு, பெல்டியெல்லா என்று பெயர், அதன் புழுவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அது செம்பேன் கூட்டத்துக்குள் இருக்கும், இலையின் அடியில் நரம்போரம் வெள்ளைக் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். உங்களுடையது வளர்ந்ததும் செடியிலிருந்து விழுந்து மேல்மண்ணில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் மண்துகள் ஒட்டிய கூடு கட்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் புழுவும் அசுவினியும் உள்ள துளிரை ஈரமண் போட்ட ஒரு பாட்டிலில் வைத்து வாயைத் துணியால் கட்டிவிடுங்கள், அசுவினி தீர்ந்தால் புதிதாகக் கொஞ்சம் போடுங்கள். மூன்று வாரத்துக்குள் நீளக்காலோடு மெல்லிய ஈ வரும். ஆணுக்கு உணர்கொம்பு நீளமாக, முடி முடியாக, பின்னால் வளைந்திருக்கும், பெண்ணுக்குக் குட்டை. இனம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல ஆண் ஈயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் மருந்தடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். ஒரு புழு வளர்ந்து முடிவதற்குக் குறைந்தது ஐந்து அசுவினியாவது வேண்டும், அசுவினி நிறைய இருந்தால் ஐம்பதுக்கு மேல்கூடக் கொல்லும், தின்ன முடியாததையும் கொன்று போட்டுவிட்டுப் போகும். ஆகவே வயலில் அங்கங்கே இருபது துளிர்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் துளிர்களில் இந்தப் புழு இருந்தால் ஐந்து நாள் எதுவும் அடிக்காமல் விட்டுவிட்டுத் திரும்பப் பாருங்கள், என் அனுபவத்தில் அது போதும். இரண்டு மூன்று துளிரில் மட்டும்தான் இருக்கிறது, அசுவினியோ நாளுக்கு நாள் பெருகுகிறது என்றால், புழு இல்லாத, அடை அதிகமான துளிர்களை மட்டும் கிள்ளி அழியுங்கள். பைரித்ராய்டு மாதிரி எல்லாவற்றையும் கொல்லும் மருந்தை அடித்தால் முதலில் போவது இந்த ஈதான், அசுவினி ஒரு வாரத்தில் திரும்பிவிடும். வேப்பெண்ணெய்கூட இப்போது வேண்டாம். செடியின் தூரில் மருந்து ஊற்றுவதையும் நிறுத்துங்கள், கூட்டுப்புழு அங்கேதான் இருக்கிறது. பிளாஸ்டிக் மூடாக்கு போட்டிருந்தாலும், மண் வறண்டு கட்டியாகக் கிடந்தாலும் விழுகிற புழு மண்ணுக்குள் போக முடியாமல் செத்துவிடும், மண் லேசாக ஈரமாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செடியில் இலையும் சுருண்டிருந்து, அது இலைப்பேனாலோ சிலந்திப்பேனாலோ வந்ததென்றால் அசுவினி ஒழிந்தாலும் அது நிற்காது. அசுவினி ஏற்கெனவே வைரஸைப் பரப்பி இலை தேமல் விழுந்திருந்தால் அந்தச் செடியைப் பிடுங்கத்தான் வேண்டும், புழுவால் அதைக் குணப்படுத்த முடியாது.

அப்புறம், எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். இனிப்புக்காக அசுவினிக்குக் காவல் நிற்கும், இந்தப் புழுவையும் தூக்கிக்கொண்டு போகும். தண்டில் எறும்பு வரிசை தெரிந்தால் முதலில் அதன் புற்றைத் தேடுங்கள்.