அரை சென்ட் பஸ் வரி: பக்கத்து கவுன்ட்டில கார் வாங்கினா தப்பிக்கலாமா?

கலிபோர்னியாலேருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "எங்க கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பஸ், ரயிலுக்காக அரை சென்ட் சேல்ஸ் டாக்ஸ் ஓட்டுக்கு வருது. அடுத்த வருஷம் 40,000 டாலருக்கு கார் வாங்கப்போறேன். வரி கம்மியா இருக்கற பக்கத்து கவுன்ட்டி டீலர்கிட்ட வாங்கினா மிச்சம்னு சொல்றாங்க, சரியா?"

சரியில்லைங்க. அரை சென்ட்னா ஒவ்வொரு டாலருக்கும் அரை சென்ட், அதாவது 100 டாலருக்கு 50 சென்ட், உங்க காருக்கு 200 டாலர். வீட்டுக்கு வாங்கற பெரும்பாலான சாப்பாட்டுச் சாமானுக்கும் டாக்டர் எழுதிக் குடுக்கற மருந்துக்கும் சேல்ஸ் டாக்ஸே கிடையாது, அதைப் பத்தி கவலை வேண்டாம்.

கார் மட்டும் வேற கணக்கு. சட்டை வாங்கினா கடை இருக்கற ஊர் ரேட், ஆனா காருக்கு எந்த அட்ரஸ்ல ரிஜிஸ்டர் பண்றீங்களோ அந்த ஊர் ரேட். ஷோரூம் எங்க இருந்தாலும் டீலர் உங்க வீட்டு அட்ரஸைப் போட்டுத்தான் கணக்குப் பண்ணணும். தனி ஆள்கிட்ட பழைய கார் வாங்கினாலும் இதேதான், வண்டி ரிஜிஸ்டர் பண்ற டி.எம்.வி. ஆபீஸ் கவுன்ட்டர்ல பேப்பரை நீட்டும்போது உங்க அட்ரஸ் ரேட்ல வரியைக் கட்டச் சொல்வாங்க.

இங்கதான் புரோக்கருங்க நுழையறாங்க. "அந்த கவுன்ட்டில ஃப்ரெண்டு யாராவது இருக்காங்களா, அவங்க அட்ரஸைப் போட்டுக்கலாம்"னு ஈசியா சொல்லிட்டு கமிஷனை வாங்கிட்டுப் போயிடுவாங்க. பொய் சொன்னா தண்டனைன்னு அச்சடிச்ச ஃபாரத்துல கையெழுத்துப் போடறது நீங்க! நாளைக்கு ஆக்ஸிடன்ட் ஆகி, கார் நிக்கற இடம் ஒண்ணு பாலிசில இருக்கற இடம் ஒண்ணுன்னு இன்சூரன்ஸ்காரன் கண்டுபிடிச்சா க்ளெய்ம் இழுத்தடிக்கும், 200 டாலருக்கு இதெல்லாம் தேவையா?

நீங்க நிஜமா பாக்கவேண்டியது பணம் எங்க போகுதுங்கறது. நோட்டீஸ்ல பளபளன்னு ரயில் படம் போடுவாங்க, அதை நம்பாம தேர்தலுக்கு முன்னாடி வர்ற ஓட்டர் கைடு புத்தகத்துல இருக்கற செலவுத் திட்டத்தைப் படிங்க. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டில 2008ல ஓட்டுல பாஸான 'மெஷர் ஆர்'ங்கற வரித் திட்டமும் அரை சென்ட்தான், அதுல 20 சதவீதம் ஹைவேக்கு, 15 சதவீதம் அந்தந்த ஊர்களுக்கு, அதுல ரோடு பள்ளம்கூட அடைக்கலாம். தப்புன்னு சொல்லலை, ஆனா முழுக்க பஸ்ஸுக்குன்னு நினைச்சு ஓட்டுப் போடாதீங்க.

இன்னொண்ணு எனக்கு ஆத்திரமா வரும். கவுன்ட்டி நிர்வாகமே கொண்டுவர்ற இந்த மாதிரி வரிக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். 2012ல அதே லாஸ் ஏஞ்சலஸ்ல மெஷர் ஆர் வரியை நீட்டிக்கக் கொண்டுவந்த மெஷர் ஜே 66.1 சதவீதம் வாங்கியும் தோத்துச்சு, அத்தனை பேர் சரின்னு சொன்னதுக்கப்புறமும் பஸ் ஸ்டாப்ல நிக்கறவங்க இன்னும் காத்திருக்கணும்னா என்ன நியாயம்? 2016ல மெஷர் எம் வந்துதான் ஜெயிச்சுது. ஆனா மெஷர் ஆருக்கு 30 வருஷம்னு கெடு இருந்துச்சு, எம்முக்கு முடிவுத் தேதியே இல்லை, ஓட்டர்களே நிறுத்தினாத்தான் உண்டு. உங்க ஊர் வரி எந்த வருஷம் முடியுதுன்னு அந்த கைடுலயே தேடிப் பாருங்க.