கரவாஜ்ஜோவின் அழுக்குப் பாதங்கள்

வணக்கம் சார்,

இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் 'லொரேட்டோ மாதா' ஓவியத்தை செல்போனில் பார்த்தேன். பாதிக்கு மேல் இருட்டு. பிரைட்னஸைக் கூட்டியும் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. மாதா முன்னால் மண்டியிடும் யாத்ரீகனின் அழுக்குக் காலை வரைந்தது அவமரியாதை இல்லையா? அன்றைய ஜனங்களே எதிர்த்துக் கூச்சல் போட்டார்களாமே? மாதாவுக்கு மாடலாக நின்றது யார்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிரைட்னஸைக் கூட்டினீர்களா? உங்களை என்ன செய்வது! அந்த இருட்டில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. ஒரு வாசல், காரை பெயர்ந்து செங்கல் தெரியும் சுவர், அவ்வளவுதான். மாதா வாழ்ந்த வீட்டை வானதூதர்கள் இத்தாலியின் லொரேட்டோ ஊருக்குத் தூக்கிவந்தார்கள் என்பது நம்பிக்கை. அதனால் லொரேட்டோ மாதா என்றால் வானதூதர்கள் அவள் வீட்டைத் தூக்கிக்கொண்டு பறப்பதாக வரைவதுதான் வழக்கம். இந்த மனிதர் வீட்டைத் தரையில் இறக்கிவிட்டார். மாதா வெறுங்காலோடு வாசலில் சாய்ந்து நிற்கிறாள். தலைக்கு மேல் இழைபோல ஒரு வளையம். அதை எடுத்துவிட்டால், யார் வந்திருக்கிறார்கள் என்று பிள்ளையும் கையுமாக எட்டிப் பார்க்க வந்த பெண். வந்து மண்டியிட்டிருப்பவர்கள் இரண்டு ஏழை யாத்ரீகர்கள், ஓர் ஆணும் ஒரு கிழவியும்.

மாடல் வம்பு நமக்கு வேண்டாம்.

கூச்சலுக்கு வருகிறேன். அதை எழுதிவைத்தவர் ஜொவான்னி பால்யோனே. அவரும் ஓவியர்தான். தன்னைக் கேலி செய்து கவிதை எழுதிப் பரப்பினார் என்று 1603இல் கரவாஜ்ஜோமீது அவதூறு வழக்குப் போட்டவர். கரவாஜ்ஜோ இறந்து 32 வருடம் கழித்து, 1642இல் வந்த புத்தகத்தில், சேற்றுக் காலையும் கிழிந்த அழுக்குத் தலைத்துணியையும் சொல்லி, பாமர ஜனங்கள் பெரிதாக இரைந்தார்கள் என்கிறார். திட்டினார்கள் என்று எங்கே இருக்கிறது? தங்கள் காலைப் போலவே ஒரு காலைப் பலிபீடத்துக்கு மேல் பார்த்த சனம் பூரித்துப்போயும் இரைந்திருக்கலாம். பகையாளி சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்வதா? பிடிக்காத படத்தை அன்று தயங்காமல் தள்ளினார்கள். அவருடைய 'மாதாவின் மரணம்' அப்படிப் போனதுதான். இதுவோ ரோமில், சாந்த் அகோஸ்தீனோ தேவாலயத்தில், வைத்த இடத்திலேயே இருக்கிறது.

காலை நீட்டக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை நீங்கள். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சரியாகப் பாருங்கள், கால் மாதாவை நோக்கி இல்லை, நம்மை நோக்கி இருக்கிறது. அங்கே நான் நின்றபோது காசு போட்டால் எரியும் விளக்கு அணைந்துவிட்டது. கண் பழகியதும் முதலில் தெரிந்தவை அந்த உள்ளங்கால்கள்தான். மாதாவின் கழுத்தில் விழும் வெளிச்சமே அவற்றிலும் விழுகிறது. லொரேட்டோவில் அந்த வீட்டைப் பக்தர்கள் முழங்காலாலேயே சுற்றுவார்கள். நடந்தே வந்தவன் காலைக் கழுவி வரைந்திருந்தால்தான் பொய்.

அதே தேவாலயத்தில் சான்சோவினோ செதுக்கிய மாதா சிலை ஒன்றும் உண்டு. பிரசவம் நல்லபடி ஆக வேண்டும் என்று பெண்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்த பாதத்துக்கு வெள்ளிக் கவசம் போட்டிருக்கிறார்கள். போனால் அதையும் பாருங்கள்; வாசலை ஒட்டியே இருக்கிறது.