பழைய போன், பழுதான லேப்டாப்: வாங்கியவர் என்ன கேட்கலாம்?

ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் பொருள் வாங்கிச் சிக்கலில் மாட்டியவர்களின் கேள்விகள் இவை. இந்தியச் சட்டப்படி பதில் சொல்கிறேன்.

ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப் 24,000 ரூபாய்க்கு வாங்கினேன் சார். 'பேட்டரி திறன் 80 சதவீதத்துக்கு மேல்' என்று போட்டிருந்தார்கள். 40 நிமிடம்கூட நிற்கவில்லை. கேட்டால் 'பழைய பொருள் அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். (திருச்சி மாணவர்)

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழைய பொருளுக்குத் தனிச் சலுகை எதையும் விற்பவருக்குக் கொடுக்கவில்லை, தம்பி. பழையது என்பதால் எதிர்பார்ப்பு குறையும், அவ்வளவுதான். 'மூடியில் கீறல் உண்டு' என்று எழுதியிருந்தால் கீறலைப் பற்றிப் புகார் செய்ய முடியாது. ஆனால் 80 சதவீதம் என்று அவரே எழுதிவிட்டாரே, அது அவர் கொடுத்த வாக்கு. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக்கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன.

முதலில் அந்த விற்பனைப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன பிறகு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். பேட்டரி ரிப்போர்ட்டையும் எடுத்து வையுங்கள். அப்புறம், தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேரில் பேசிப் பேசி நாளைக் கடத்தாதீர்கள்; போனில் பேசியதற்கு உங்களிடம் சாட்சி இருக்காது.

பில்லிலேயே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறதே?

அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது. பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் விடுவதும் அப்படித்தான்.

விளம்பரத் தளத்தில் பார்த்து, ஒருவரை பஸ் ஸ்டாண்டில் நேரில் சந்தித்து போன் வாங்கினேன். யுபிஐயில் பணம் கொடுத்தேன். அடுத்த வாரமே செத்துவிட்டது. (சேலம் வாசகி)

இங்கேதான் கொஞ்சம் கஷ்டம், அம்மா. தன் பழைய போனை ஒரே ஒரு முறை விற்கும் தனிநபருக்கு அந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தில், பார்த்து வாங்க வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையது.

ஆனால் தெரிந்தே பொய் சொன்னாரா என்று பாருங்கள். 'தண்ணீரில் விழவே இல்லை' என்று சாட்டில் எழுதியிருக்கிறார், சர்வீஸ் சென்டர் உள்ளே ஈரம் போனதாக எழுதிக் கொடுக்கிறது என்றால் கதை மாறும். பணத்தைத் திரும்பக் கேட்டு சிவில் வழக்குப் போடலாம். மோசடி என்று போலீஸிலும் புகார் கொடுக்கலாம். இன்னொன்று: அவருடைய பக்கத்தைப் போய்ப் பாருங்கள். இன்னும் இருபது போன் விற்பனைக்குப் போட்டிருந்தால் அவர் தனிநபர் அல்ல, பில் போடாத வியாபாரி. அப்போது நுகர்வோர் ஆணையத்தின், அதாவது நுகர்வோர் நீதிமன்றத்தின், கதவு திறக்கும்.

வாங்கிய போனில் எந்த சிம்மும் வேலை செய்யவில்லை. ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) முடக்கப்பட்டது என்கிறார்கள்.

திருட்டு போனாக இருக்க வாய்ப்பு அதிகம். தயவுசெய்து வேறு யார் தலையிலும் கட்டிவிடாதீர்கள், நீங்களே வழக்கில் சிக்குவீர்கள். ரசீது, சாட், பணம் அனுப்பிய விவரத்தோடு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். விற்கும் உரிமையே இல்லாதவர் விற்றிருந்தால் முழுப் பணத்தையும் அவரிடம் கேட்கலாம், ஆளைப் பிடிக்க முடிந்தால். இனி வாங்குவோர் *#06# போட்டு ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கே, ஒய், எம் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, முடக்கப்பட்ட போனா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன்பு!

'நாங்கள் வெறும் பாலம்தான், விற்றவரைக் கேளுங்கள்' என்கிறது தளம்.

விற்றவரின் முகவரியை எழுத்தில் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும். தளமே பொருளைச் சோதித்து, தரம் பிரித்து, தன் பெயரில் வாரன்டி கொடுத்திருந்தால் 'பாலம்' வாதம் வலுவிழக்கும். புகாரில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

அன்பாக்சிங் வீடியோ எடுக்கவில்லை. போச்சா?

போகவில்லை. வீடியோ கட்டாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேறு பொருளை மாற்றி அனுப்பிய வழக்கில்தான் அது பெரிதாக உதவும். உள்ளே பழுது என்றால் சர்வீஸ் சென்டர் பழுதை எழுதித் தரும் ஜாப் ஷீட்டே நல்ல சான்று. அதற்கு முன் தெருமுனைக் கடையில் கொடுத்துப் பிரிக்காதீர்கள்.

வெறும் 9,000 ரூபாய்க்காக வழக்குப் போடலாமா அண்ணா? விற்றவர் டெல்லியில் இருக்கிறார். (நாகர்கோவில்)

டெல்லிக்குப் போக வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். அதனால் 9,000 ரூபாய்க்கு என் யோசனை: முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். தமிழிலும் பேசலாம். அசையவில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அதன் பிறகு ஆணையம்.

என் கடையில் விற்பதற்காகப் பத்துப் பழைய போன் எடுத்தேன். நான்கு பழுது.

மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை. நீங்கள் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும். தையல் கடையோ டிடிபி கடையோ வைத்துத் தன் பிழைப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியவர் என்றால் அவர் நுகர்வோர்தான்.