பையில் இருந்த பைபிள்

? கன்னியாஸ்திரிகளுக்குக் காடு, நிலம் பற்றிய போராட்டம் எதற்கு? செபமும் பள்ளிக்கூடமும் போதாதா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

! டொரத்தி ஸ்டாங்குக்குப் போதவில்லையே! நமூர் நோத்ர்தாம் சபைச் சகோதரி. அமெரிக்காவின் ஓஹையோவில் பிறந்து, 1966-ல் பிரேசில் போனவர். அமேசான் காட்டில் அனப்பு என்ற ஊரில், நிலமற்ற குடும்பங்கள் காட்டை அழிக்காமல் பயிர் செய்து பிழைக்க வழி தேடினார். மரம் வெட்டுவோருக்கும் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் அது பொறுக்கவில்லை.

2005 பிப்ரவரி 12, காலை. மண் பாதையில் இருவர் மறித்து, "ஆயுதம் இருக்கிறதா?" என்றார்கள். பையிலிருந்த பைபிளை எடுத்துக் காட்டி, "ஏழையரின் உள்ளத்தோர் பேறுபெற்றோர்" என்று வாசித்தார். ஆறு குண்டுகள். 73 வயது மூதாட்டிக்கு ஆறு!

செபத்தை அவர் விடவில்லை ஐயா. கடைசி மூச்சுவரை அதைத்தான் செய்தார், காட்டுக்குள் நின்று. அனப்பு மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.