ரேஸ்கோர்ஸ் கோர்ட் கேள்வி பதில்: என்.பி.ஏ. அணிகள் கோடையில் என்ன செய்கின்றன?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை ஆட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் கலைவோம். ஜூன் வந்துவிட்டால் பேச்சு முழுக்க அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் யார் எந்த அணிக்குப் போவார் என்பதுதான். ஆளுக்கொரு கேள்வியை ஒரே நேரத்தில் கேட்டால் எதற்கும் ஒழுங்காகப் பதில் வராது. அதனால் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பெரியகுளத்திலிருந்துகூட ஒரு கடிதம் வந்திருக்கிறது. பகலில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை என்பதால் இந்தச் சம்பளக் கணக்கைப் பல வருடங்களாக ஆசையோடு பின்தொடர்ந்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, ஐ.பி.எல். மாதிரி ஏலம் விட்டா நமக்கு ஈசியா புரியும். இங்க என்னதான் நடக்குது? (பிளஸ் டூ மாணவர், அனுப்பானடி)

தம்பி, ஐ.பி.எல்.லை வைத்தே சொல்கிறேன். 2025 சீசனுக்கான மெகா ஏலத்தில் ஒரு அணிக்கு 120 கோடி ரூபாய். அதைத் தாண்டி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாது. என்.பி.ஏ.யிலும் சாலரி கேப் என்று ஒரு வரம்பு உண்டு. 2025-26க்கு அது 15.46 கோடி டாலர். ஆனால் காரணம் இருந்தால் அதைத் தாண்டலாம். சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்கத் தாண்டலாம், குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆள் எடுக்கத் தாண்டலாம், மிட்-லெவல் எக்ஸெப்ஷன் என்ற சலுகையைப் பயன்படுத்தித் தாண்டலாம்.

கேப்புக்கு மேலே இன்னும் மூன்று கோடுகள் இருக்கின்றன. அதே 2025-26க்கு லக்சுரி டாக்ஸ் 18.79 கோடி, முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி டாலர். டாக்ஸ் கோட்டைத் தாண்டினால் பணம் போகும், அவ்வளவுதான். ஏப்ரன்களைத் தாண்டினால் ஆள் எடுக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். பணக்கார முதலாளிக்கு டாக்ஸ் வலிக்காது, ஏப்ரன் வலிக்கும்.

சீசனில் ஒரு அணிக்கு 15 பேர், அதோடு டூ-வே ஒப்பந்தத்தில் (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) 3 பேர். கோடையில் மட்டும் 21 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஜூலையில் பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

லாரி பேர்ட் பேர்ல ஒரு உரிமை இருக்காமே, அது என்ன? (கே.கே. நகர்)

பேர்ட் ரைட்ஸ். ஒரு ஆட்டக்காரர் ஃப்ரீ ஏஜென்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் பேசலாம் என்ற நிலையில்) அணி மாறாமல் மூன்று சீசன் ஆடியிருந்தால், அவருடைய இப்போதைய அணி கேப்பைத் தாண்டியும் அவருக்கு அதிகபட்சச் சம்பளம் வரை கொடுக்கலாம். நடுவில் டிரேடில், அதாவது அணிகள் ஆட்களை மாற்றிக்கொண்டதில், அணி மாறியிருந்தாலும் அந்த வருடக் கணக்கு கூடவே வரும். இரண்டு சீசன்தான் என்றால் உரிமை பாதி. ஒன்றுதான் என்றால் பழைய சம்பளத்துக்கு மேல் 20 சதவீதம், அதோடு சரி.

2023இல் டென்வர் கோப்பை வென்றபோது புரூஸ் பிரவுன் அந்த அணிக்கு உயிராக ஆடினார். ஆனால் அவர் அங்கே ஆடியது ஒரே சீசன். டென்வரால் அடுத்த வருடத்துக்குச் சுமார் 78 லட்சம் டாலர்தான் தர முடிந்தது. இந்தியானா இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. அடுத்த கோடையில் ஹார்டன்ஸ்டைனுக்கும் இதே கதைதான். நியூயார்க்கில் இரண்டு சீசன் ஆடியிருந்தார். அவர்களால் முதல் வருடத்துக்குச் சுமார் 1.6 கோடி வரைதான் போக முடிந்தது. ஓக்லஹோமா சிட்டி மூன்று வருடத்துக்கு 8.7 கோடி டாலர் வைத்தது. இரண்டு அணிகளுக்குமே அவர்களை விட மனமில்லை, விதி விடவில்லை.

அதனால் ஒரு வருட ஒப்பந்தத்தில் யாராவது பிரமாதமாக ஆடினால் எனக்குச் சந்தோஷத்தோடு கவலையும் வரும். இந்தக் கணக்கில் சம்பளத் தொகையைவிட, ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நான் பாஸ்டன் ரசிகன். 2024ல கப் அடிச்ச டீமை அடுத்த வருஷமே ஏன் பிரிச்சாங்க? மனசே ஆறல. (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

ஆறாதுதான். 2025 மே மாதம் நியூயார்க்குக்கு எதிரான ஆட்டத்தில் பாஸ்டனின் நட்சத்திரம் டேட்டமின் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த சீசனின் பெரும்பகுதி அவர் இல்லை என்று ஆகிவிட்டது. அதே அணியை அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தாண்டியிருக்கும். ஆனால் பணத்துக்காக மட்டும் பிரித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணி, இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை டிரேடில் வாங்க முடியாது. மிட்-லெவல் கிடையாது. டிரேடில் பணம் கொடுக்க முடியாது. ஏழு வருடம் தள்ளி இருக்கும் முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) உறைந்துவிடும், அதை யாருக்கும் கொடுக்க முடியாது. முக்கிய ஆட்டக்காரர் காயத்தில் இருக்கும் வருடத்தில் அந்தப் பிடிக்குள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம்? ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கும் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினார்கள். என் கணிப்பில் அது சரியான முடிவு. ஹாலிடே போனது எனக்கும் வருத்தம்தான்.

சுமாரா ஆடுறவங்களுக்குக்கூட கோடி கோடியா குடுக்கறாங்களே, எப்படி? (மாட்டுத்தாவணி, பூ வியாபாரம்)

உங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை. முகூர்த்த நாள் விடியற்காலையில் மல்லிகை விலை என்ன, மறுநாள் என்ன? பூ அதே பூதான். அன்றைக்கு எத்தனை பேர் பையோடு வந்து நிற்கிறார்கள் என்பதுதான் விலை.

2016 கோடை பெரிய முகூர்த்தம். புதிய டிவி ஒப்பந்தப் பணம் வந்து, கேப் ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.4 கோடி டாலர் ஆனது. கிட்டத்தட்ட எல்லா அணியின் கையிலும் காசு. மோஸ்கோவ் என்ற ஆட்டக்காரருக்கு லேக்கர்ஸ் நான்கு வருடத்துக்கு 6.4 கோடி கொடுத்தது அந்தக் கோடையில்தான். டுரான்ட் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போக இடம் கிடைத்ததும் அதனால்தான். அப்படி இன்னொரு தாவல் வரக்கூடாது என்று, இப்போது கேப் ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

2025 கோடை அதற்கு நேர் எதிர். கையில் பெரிய தொகையோடு நின்றது புரூக்ளின் மட்டும்தான். கிடி, குமிங்கா, கேம் தாமஸ், கிரைம்ஸ் என்று நல்ல இளைஞர்கள் நான்கு பேர். ஜூலையில் முடிய வேண்டிய பேச்சு பலருக்குச் செப்டம்பர் வரை இழுத்தது. தாமஸும் கிரைம்ஸும் கடைசியில் சொந்த அணி தரும் ஒரு வருட குவாலிஃபையிங் ஆஃபரை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் ஆட்டம் குறையவில்லை, சந்தையில் ஆள் இல்லை. இதை ஆட்டக்காரரின் தகுதியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சார், 2024இல் ஓக்லஹோமா கிடி மாதிரி இளம் வீரரைக் கொடுத்துவிட்டு முப்பது வயது கரூசோவை வாங்கியது ஏன்? கூடவே ஒரு டிராஃப்ட் பிக்கையும் கேட்கவில்லையே? (கல்லூரி மகளிர் அணி, பாயிண்ட் கார்டு)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதாம்மா. 2024 பிளே ஆஃபில் டல்லாஸ் என்ன செய்தது தெரியுமா? கிடியைக் காவல் காக்க வேண்டிய ஆளை அவரிடம் போகவே விடவில்லை. கிடி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே தனியாக நிற்பார். அவருடைய காவலாள் கூடைக்கு முன்னால் இருக்கும் பெயிண்டுக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஓக்லஹோமாவின் நட்சத்திரம் ஷே உள்ளே நுழையும் வழியை அடைப்பார். கிடி போட்டுத்தான் பார்க்கட்டும் என்ற கணக்கு. ஐந்தாவது ஆட்டத்தில் அவரைத் தொடக்க ஐந்திலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. ஆறில் தொடர் முடிந்தது.

உங்கள் அணியிலேயே இதைப் பார்க்கலாம். கார்னரில் நிற்கும் பெண்ணுக்கு ஷாட் விழாது என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால், நீங்கள் லே-அப்புக்குப் போகும்போது முன்னால் இரண்டு பேர் இருப்பார்கள். உங்கள் டிரிப்ளிங்கில் குறையே இருக்காது. குறை பத்து அடி தள்ளி நிற்கிறது.

கிடி நல்ல ஆட்டக்காரர். பந்து அவர் கையில் இருந்தால் மற்றவர்களை ஆட வைப்பார். ஆனால் அந்த அணியில் பந்து ஷேயின் கையில் இருக்கும். கரூசோவுக்குப் பந்து தேவையில்லை. கார்னரில் நின்று போடுவார், மறுபக்கம் எதிரணியின் சிறந்த ஆளைப் பிடிப்பார். 2025 இறுதிப் போட்டி ஏழு ஆட்டம் வரை போய் ஓக்லஹோமா கோப்பை வென்றதில் அவர் பங்கு சின்னதில்லை. கோடையில் கேட்க வேண்டிய கேள்வி “இவர் எவ்வளவு நல்லவர்” என்பதோடு நிற்கக்கூடாது. “எங்கள் ஐந்து பேரில் பந்து இல்லாதபோது இவர் என்ன செய்வார்” என்பதும் வேண்டும். பிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம். ஆனால் அவர்கள் கையில் ஏற்கெனவே ஏராளமான பிக் இருந்தது. 2019இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்கு அனுப்பியபோது ஷேயோடு ஐந்து முதல் சுற்று பிக்கும் வந்தன. ஜேலன் வில்லியம்ஸ் அதில் ஒன்றில் வந்தவர்தான்.

டூ-வே ஒப்பந்தம்னா உப்புக்குச் சப்பாணியா? (மேலூர்)

அப்படி நினைக்கிறவர்கள்தான் நிறைய. ஓக்லஹோமாவின் 2025 அணியைப் பாருங்கள். டோர்ட் 2019இல் டிராஃப்டில் யாரும் எடுக்காமல் டூ-வேயில் வந்தவர். விகின்ஸ் 2021இல் 55ஆவது பிக், அவருக்கும் தொடக்கம் டூ-வே. கரூசோவுக்கே 2017இல் லேக்கர்ஸ் கொடுத்தது டூ-வேதான். கோப்பை வென்ற ஒரு அணியில் இப்படி மூன்று பேர். டோர்ட் அந்த வருடம் தற்காப்புக்கான முதல் ஐவர் அணியிலும் இடம் பிடித்தார்.

50 ஆட்டம் வரை என்.பி.ஏ. அணியோடு ஆடலாம், மீதி நேரம் அதன் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில். முழு ஒப்பந்தமாக மாற்றினால்தான் பிளே ஆஃபில் ஆட முடியும். ஜூலையில் லாஸ் வேகஸ் சம்மர் லீக்கை நான் உட்கார்ந்து பார்ப்பது இந்த மாதிரிப் பையன்களுக்காகத்தான்.

லில்லார்டுக்கு ஆடாமலேயே அஞ்சு வருஷம் சம்பளமா? (வங்கி ஊழியர், திருநகர்)

சார், இ.எம்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் மில்வாக்கி அவரை விடுவித்தபோது இன்னும் இரண்டு வருடத்துக்குச் சுமார் 11.3 கோடி டாலர் தர வேண்டியிருந்தது. ஒருவரை விடுவித்து ஸ்ட்ரெட்ச் செய்தால், மீதி வருடத்தை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டி, அத்தனை வருடத்துக்குப் பாக்கியைப் பிரிக்கலாம். இரண்டு வருடம் ஐந்தானது. வருடத்துக்குச் சுமார் 2.25 கோடி கேப்பில் கழியும். அந்த இடத்தில் இந்தியானாவிலிருந்து மைல்ஸ் டர்னரை எடுத்தார்கள்.

தங்கள் நட்சத்திரம் யானிஸைத் தக்கவைக்க வேண்டிய அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் இதைச் செய்திருக்க மாட்டேன். ஐந்து வருடம், ஒவ்வொரு கோடையும், ஒரு நல்ல ஆட்டக்காரரின் சம்பளம் இல்லாமலே திட்டம் போட வேண்டும்.

கடைசி இடம் பிடிச்சா முதல் பிக் கிடைச்சிருமா? (அவனியாபுரம்)

கிடைக்காது. 2019இல் மாற்றிய விதிப்படி குலுக்கலில் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீத வாய்ப்பு. 2025இல் வெறும் 1.8 சதவீதத்தோடு இருந்த டல்லாஸுக்கு அடித்தது. அந்த முதல் பிக்கில் கூப்பர் ஃபிளாக் வந்தார்.

நம்ம நாட்டுப் பையன் எப்போ சார்? என் மகன் எட்டாவது படிக்கிறான், உயரம் நல்லா இருக்கு. (ஒரு அம்மா, எல்லீஸ் நகர்)

2015இல் பஞ்சாபின் சத்னாம் சிங்கை டல்லாஸ் 52ஆவது பிக்கில் எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்டான முதல் ஆள் அவர். சீசன் ஆட்டம் எதிலும் இறங்க வாய்ப்பு வரவில்லை. பிரின்ஸ்பால் சிங் 2021இல் சம்மர் லீக் வென்ற சாக்ரமென்டோ அணியில் இருந்தார். உயரத்தை விட்டுவிடுங்கம்மா, அது தானாக வரும். இப்போது இடது கையிலும் பந்தைத் தட்டிப் பழகட்டும். காலை ஐந்தரைக்குக் கோர்ட்டுக்கு அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் கோடிக்கணக்கு. எங்க மாதிரி கிளப்புக்கு இதுல எடுத்துக்க ஏதாவது இருக்கா தம்பி? (பயிற்சியாளர், பெரியகுளம்)

இருக்கிறது அண்ணே. உங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு வங்கி, ராணுவ அணிகள் வரும்போது அதைப் பார்த்துத்தான் நானே கற்றுக்கொண்டேன். நம்மிடம் ஒப்பந்தம் கிடையாது. ஆனால் மூன்றாம் வருடம் முடிக்கும் கல்லூரிப் பையன் ஒப்பந்தம் முடிகிறவன்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைத்தால் போய்விடுவான், போகவும் வேண்டும்.

நான் ஒரு லாங் சைஸ் நோட்டில் ஆளுக்கு ஒரு வரி போட்டிருக்கிறேன். பக்கத்தில் நான்கு கட்டம், நான்கு வருடம். அந்த வருடம் இருப்பான் என்றால் நீல மை, சந்தேகம் என்றால் பென்சில், போய்விடுவான் என்றால் காலி. இரண்டு வருடத்துக்கு முன் அந்த நோட்டைப் பார்த்தபோது, மூன்றாவது கட்டத்தில் உயரமான ஆட்கள் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் காலியாக இருந்தது. அன்றைக்கே ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரை ரீபவுண்ட் பயிற்சிக்குச் சேர்த்தோம். இப்போது அவர்கள்தான் உள்ளே நிற்கிறார்கள். அடுத்த முறை மதுரை வரும்போது நோட்டைக் காட்டுகிறேன்.

எத்தனை மணிக்கு முழிச்சிருக்கணும்? (பலர்)

ஃப்ரீ ஏஜென்டுகளோடு பேச்சு தொடங்குவது நியூயார்க் நேரம் ஜூன் 30 மாலை 6 மணி, நமக்கு ஜூலை 1 விடியற்காலை மூன்றரை. சொந்த ஆட்டக்காரர்களோடு இறுதிப் போட்டி முடிந்த மறுநாளே பேசலாம் என்று 2024 முதல் விதி மாறிவிட்டதால், முன்பைப் போல எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வெடிக்காது. கையெழுத்து ஜூலை 6 நம்ம நேரம் இரவு ஒன்பதரைக்குத்தான் தொடங்கும். பரீட்சை இருப்பவர்கள் தூங்குங்கள். மற்றவர்கள் மூன்றரைக்கு எழுந்து பார்த்துவிட்டு, ஐந்தரைக்கு நேராகக் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள்.