பீக் டிஸ்ட்ரிக்ட் மேட்டுநிலங்களில் மலை மிதிவண்டிப் பயணம்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே கிடக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட், 1951-ல் அறிவிக்கப்பட்ட அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாகும். அதன் வடபகுதி ஹெதர் புதரும் கறுத்த பீட் மண்ணும் மூடிய, மரமற்ற மேட்டுநிலம். அதைத்தான் ‘மூர்’ என்கிறார்கள். மேட்டுக்குக் கீழே கல்வேலிகளும் ஆட்டுப்பண்ணைகளும் நிறைந்த பள்ளத்தாக்குகள் உள்ளன. இவ்விரண்டையும் இணைக்கும் வழிகளில் பல ஆண்டுகளாக மிதிவண்டி ஓட்டி வருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: மூர் முழுவதும் பொதுமக்கள் உலவ உரிமையுண்டு என்கிறார்கள். ஆனால் சென்ற மாதம் ஒரு பாதையில் என்னை நிறுத்தி, மிதிவண்டியை இறங்கித் தள்ளிச் செல்லும்படி ஒருவர் கடிந்துகொண்டார். யார் சொல்வது சரி?

அவர் சொன்னதே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் திறந்த மேட்டுநிலங்களில் உலவும் உரிமையைக் கால்நடையாகச் செல்வோருக்கு மட்டுமே அளித்தது; சக்கரத்துக்கு அளிக்கவில்லை. மிதிவண்டிக்கான உரிமை 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்திலிருந்து வருகிறது. ‘பிரைடில்வே’ எனப்படும் குதிரைவழிகளில் மிதிவண்டி செல்லலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்று அது கூறுகிறது. மிதிவண்டிக்காரரின் வசதிக்காக அவ்வழியைச் செப்பனிடும் கடமை யாருக்கும் இல்லை என்பதையும் அதே சட்டம் சொல்லிவிடுகிறது. ஆகவே பாறையும் பள்ளமுமாக ஒரு குதிரைவழி கிடப்பதைப் பார்த்து முறையிடுவதில் பயனில்லை. பலரும் அதற்காகத்தானே அங்கே போகிறோம்!

களத்தில் அடையாளம் காண்பது எளிது. மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடைவழி; அங்கே ஓட்டுவது பொதுவாகக் குற்றவியல் குற்றம் ஆகாவிட்டாலும் அத்துமீறல்தான். நீல அம்புக்குறி இருந்தால் அது குதிரைவழி, தயங்காமல் ஓட்டலாம். ஊதா, சிவப்பு அம்புக்குறி உள்ள வழிகளிலும் மிதிவண்டிக்குத் தடையில்லை. ஆனால் அம்புக்குறிகள் விழுந்தும் திரும்பியும் கிடப்பதுண்டு என்பதால், பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவிலான வரைபடத்தைக் கையில் வைத்திருப்பதே நல்லது. அதில் பச்சைக் கோடுகளில் குட்டையானவை நடைவழிகள், நீளமானவை குதிரைவழிகள். இந்த வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்ளும் வரையில், பிறர் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் போகாதீர்கள். அதைப் பதிந்தவர் நடந்து போனாரா, ஓட்டிப் போனாரா என்பதைத் தடம் சொல்லாது.

கேள்வி: மலை மிதிவண்டி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. முதல் பயணத்துக்கு எந்த வழி ஏற்றது?

டெர்வென்ட் பள்ளத்தாக்கின் அணைகளைச் சுற்றிவரும் வழியைப் பரிந்துரைப்பேன். ஃபேர்ஹோம்ஸில் தொடங்கி, மேற்குக் கரையின் அமைதியான சாலையில் வடக்கே சென்று, ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்னுமிடத்தில் ஆற்றைக் கடந்து, கிழக்குக் கரையின் கரடுமுரடான வண்டித்தடத்தில் திரும்பி வரலாம். ஏறக்குறைய 16 கிலோமீட்டர். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை.

ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் நீங்கள் கடக்கும் கற்பாலத்தைச் சற்று நின்று பாருங்கள். அது முதலில் அங்கே இருந்ததன்று. கீழே லேடிபவர் நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 1940-களில் நீர் நிரம்பியபோது டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு ஊர்கள் மூழ்கின. டெர்வென்ட் ஊரின் பொதிக்குதிரைப் பாலத்தை மட்டும் கல் கல்லாகப் பிரித்து வைத்திருந்து, 1959-ல் மேலே இந்த இடத்தில் மீண்டும் கட்டினார்கள்.

கேள்வி: ஒரு நாள் முழுக்க உடம்பை வருத்தி ஓட்ட விரும்புகிறேன். கிண்டர் ஸ்கௌட் மேட்டுச் சுற்றை எந்தத் திசையில் ஓட்டுவது சிறப்பு?

ஹேஃபீல்டில் தொடங்கி வலஞ்சுழியாக ஓட்டுங்கள். ஊரைத் தாண்டியதும் போடன் பிரிட்ஜ் அருகே ஒரு பழைய கல்லுடைப்பு இடம் வரும். 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்கென்று பூட்டி வைக்கப்பட்டிருந்த கிண்டர் மேட்டின்மீது அத்துமீறி ஏறிய தொழிலாளர் கூட்டம் திரண்ட இடம் அது. தலைமையேற்றவர்களில் ஒருவரான பென்னி ராத்மன், ரயில் நிலையத்தில் காவலர்கள் காத்திருக்கக்கூடும் என்பதால் மான்செஸ்டரிலிருந்து மிதிவண்டியில் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 20. பிறகு நான்கு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தப் போராட்டத்தின் வழிவந்த உலவும் உரிமையில் மிதிவண்டிக்கு மட்டும் இடமில்லாமல் போனதை நான் அங்கே ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வதுண்டு.

அங்கிருந்து கோல்ட்வெல் க்ளஃப் வழியாக ஏறினால், இடைக்காலக் கற்சிலுவை நிற்கும் ஈடேல் கிராஸ் வரும். அதைத் தாண்டியதும் ‘ஜேக்கப்ஸ் லேடர்’ இறக்கம் தொடங்குகிறது. நடப்பவர்களுக்கான செங்குத்துப் படிகள் ஒருபுறம் இறங்க, குதிரைவழி வளைந்து தனியே இறங்கும். சக்கரத்தைத் திருப்ப வேண்டியது அந்த வளைவில்தான். தளர்ந்த கற்களும் நீர் வடியக் குறுக்கே பதித்த கல் வாய்க்கால்களும் நிறைந்த அந்த இறக்கத்தில், முன் பிரேக்கை இறுகப் பிடித்தவர்கள் தலைக்குப்புற விழுந்ததைக் கண்டிருக்கிறேன். உடலைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்க வேண்டும். ஐயமிருந்தால் இறங்கித் தள்ளலாம், அதில் வெட்கம் ஏதுமில்லை. கீழே நோ ஆற்றின்மீதுள்ள சிறு பாலத்தைக் கடந்து அப்பர் பூத், பார்பர் பூத் பண்ணைகளின் வழியே சென்று, சேப்பல் கேட் ஏற்றத்தில் மீண்டும் மேட்டுக்கு ஏறி, ராய்ச், சவுத் ஹெட் வழியாக ஹேஃபீல்டுக்குத் திரும்பலாம். இடஞ்சுழியாகப் போனால் ஜேக்கப்ஸ் லேடரில் வண்டியைச் சுமந்துதான் ஏற வேண்டியிருக்கும்.

கேள்வி: ‘கட் கேட்’ வழியைப் பலரும் புகழ்கிறார்கள். டிசம்பர் விடுமுறையில் ஓட்டலாமா?

சட்டப்படி தடையில்லை, ஆனால் நெடுநாள் மழைக்குப் பின் வேண்டாம் என்பதே என் விடை. லாங்ஸெட்டிலிருந்து மிக்கில்டன் எட்ஜ் வழியே ஏறி ஸ்லிப்பரி ஸ்டோன்ஸில் இறங்கும் இந்த வழி, டெர்வென்ட் பள்ளத்தாக்கின் உழவர்கள் ஆடுகளைப் பெனிஸ்டன் சந்தைக்கு ஓட்டிச் சென்ற பழைய தடம். அழகில் இதற்கு இணையான குதிரைவழி இப்பகுதியில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் உச்சியை ஒட்டிய சதுப்பு பேர்போனது. ஒரு நவம்பரில், குட்டை என்று நினைத்து நான் இறக்கிய முன்சக்கரம் அச்சு வரை புதைந்துபோய், வண்டியைப் பிடுங்கி எடுக்க இருவர் தேவைப்பட்டார்கள்.

நம் உடை நனைவதைவிட மண்ணுக்கு நேரும் சேதமே பெரிது. பீட் என்பது ஸ்ஃபாக்னம் பாசி முழுதும் மக்காமல் படிந்து உருவானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். இருபுறத் தொழில் நகரங்களின் கந்தகப் புகை நூறாண்டுக்கும் மேலாக அந்தப் பாசியை அழித்ததால், மூடாப்பு இழந்த மண்ணை மழை அரித்துக்கொண்டு போனது. இப்போது ஹெலிகாப்டரில் ஹெதர் தழையும் கல்லும் கொண்டுவந்து கொட்டி அதை மீட்கப் பாடுபடுகிறார்கள். சேற்றைத் தவிர்க்க நாம் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டும்போது ஒரு முழத் தடம் வண்டிச்சாலை அகலத்துக்கு விரிகிறது. எனவே குட்டையின் நடுவே ஓட்டுங்கள், அல்லது வண்டியைத் தோளில் ஏற்றுங்கள். கட் கேட்டைச் செப்பனிட மலை மிதிவண்டிக் குழுக்களே முன்னின்று நிதி திரட்டின என்பதையும் சொல்ல வேண்டும். வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. ஆயினும் நீண்ட வறட்சிக்குப் பிறகோ, தரை இறுகிய உறைபனி நாளிலோ செல்வதே முறை.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

உடல் எடையையும் டயர் அகலத்தையும் பொறுத்தது. டியூப்லெஸ் டயரானால் 25 பிஎஸ்ஐ-யை ஒட்டித் தொடங்கி, சக்கர விளிம்பு கல்லில் இடித்தால் சற்றுக் கூட்டுங்கள். பீட்டில் கலந்திருக்கும் மணற்கல் துகள் பிரேக் பேடுகளை ஒரே நாளில் தேய்த்துவிடும். மாற்றுப் பேடு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

கேள்வி: குதிரைகளையும் ஆடுகளையும் எதிர்கொள்வது எப்படி?

குதிரைக்குப் பின்னால் ஓசையின்றி வரும் மிதிவண்டி, அதற்குப் பதுங்கி வரும் விலங்காகத் தோன்றும். தொலைவிலிருந்தே வாய்விட்டு வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அடங்கும். சவாரி செய்பவர் சைகை காட்டிய பிறகு மெல்லக் கடக்கவும். ஏப்ரல், மே மாதங்களில் தாய் ஆட்டுக்கும் குட்டிக்கும் நடுவே புகாதீர்கள். வாயிற்படல் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்வது பண்ணைக்காரர்களின் முதல் எதிர்பார்ப்பு. மார்ச் முதல் ஜூலை வரை தரையில் கூடுகட்டும் பறவைகள் அடைகாக்கும் காலம் என்பதால், தடத்தை விட்டு ஹெதருக்குள் ஓட்டவே கூடாது.

கேள்வி: எட்டு வயது மகளுடன் வருகிறேன். மேடு வேண்டாம், பள்ளத்தாக்கு மட்டும் போதும்.

தெற்கே சுண்ணாம்புக்கல் பகுதியிலுள்ள மான்சல் டிரெயிலுக்குச் செல்லுங்கள். 1968-ல் மூடப்பட்ட ரயில் பாதை அது, ஏறத்தாழ 13.5 கிலோமீட்டர் நீளம், சமதளம், மோட்டார் வண்டிகள் கிடையாது. 2011-ல் திறந்துவிடப்பட்ட சுரங்கப் பாதைகள் உங்கள் மகளுக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே குளிராக இருக்கும் என்பதால் கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துச் செல்லவும்.

கேள்வி: மூர் உச்சியில் மூடுபனி சூழ்ந்துகொண்டால் என்ன செய்வது?

ஓட்டுவதை நிறுத்துங்கள், இருக்கும் உடைகளையெல்லாம் அணிந்துகொள்ளுங்கள். வரைபடத்தில் கடைசியாக உறுதியாக அறிந்த இடத்தைக் குறித்து, திசைகாட்டியின் துணையோடு வந்த வழியே திரும்புவதுதான் பெரும்பாலும் சரியான முடிவு. அடிபட்டால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து, முதலில் காவல்துறையையும் பின்னர் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அலைபேசி இயங்காத இடத்தில், ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதவும். விசிலைப் பைக்குள் ஆழத்தில் வைக்காமல் தோள்பட்டையில் கட்டி வையுங்கள். விறைத்த விரல்களால் ஜிப்பைத் திறக்க முடியாது.